மூன்று நாளில் நான்கு ஜஸ்ட் மிஸ்

திருத்தணிக்கு இந்தப் பக்கம், கனகம்மாசத்திரம் தாண்டி வரும் பனந்தோப்புக் கூட்டுரோட்டில் பிரேமகுமாரியைத் தெரியாதவர்கள் கிடையாது. பெயர் தெரியாவிட்டாலும் "கணக்கெடுக்க வருமே அந்தம்மா" என்றால் போதும், வீட்டுக்கு வழி காட்டிவிடுவார்கள். பதினெட்டு வருடமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. போலியோ சொட்டு மருந்துக்குப் பிள்ளைகளைக் கணக்கெடுத்தாள். தெருநாய்களைக் கணக்கெடுத்தாள். வீட்டுக்கு வீடு கக்கூஸ் இருக்கிறதா, இருந்தால் அதில் போகிறார்களா, உள்ளே விறகு அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்து எழுதினாள். மழைக்காலம் வந்தால் கொசுப்புழு. அடுத்தவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்து, நெளிகிற புழுவைக் குனிந்து பார்ப்பதைப் போலக் கேடுகெட்ட வேலை உலகத்தில் கிடையாது என்பது அவளுடைய முடிவு. ஆனாலும் செய்தாள். கணவன் ஜோசப் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. மகள் ப்ளெஸ்ஸியைப் படிக்க வைத்து ஆளாக்க வேண்டியிருந்தது.

ஒரு பெருமை மட்டும் அவளுக்கு உண்டு. பொய்க் கணக்கு எழுதியதே இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாற்பது வீட்டுக் கணக்கையும் அரை மணியில் எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவள் நாற்பது கதவையும் தட்டுவாள். மனிதர்கள்மேல் அவளுக்கு வெறுப்பு வந்ததும் அப்படித் தட்டித் தட்டித்தான். இவள் தெருமுனையில் தலைகாட்டினதும் தெருக்கோடி வீட்டில் தொட்டியைக் கவிழ்ப்பார்கள், பிளீச்சிங் பவுடரைத் தூவுவார்கள், இவள் வந்து நிற்கும்போது ஒன்றும் தெரியாத முகத்தோடு சிரிப்பார்கள். அடுத்த வாரம் சொல்லாமல் போய்ப் பார்த்தால் அதே தொட்டி, அதே புழு. கொசு கடிப்பது அவர்கள் பிள்ளையைத்தான், இவளை அல்ல. அது அவர்களுக்கு ஏறாது. இவள் நோட்டில் என்ன எழுதுகிறாள் என்பதுதான் அவர்களுக்குப் பயம். சீ, என்ன ஜனம் இது என்று சபைப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போனது.

கூட்டுரோட்டுக்கு வருவோம். அந்த இடத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்காதவன் அங்கே கடை வைத்திருப்பவனாகத்தான் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் பெரிய ரோடு, நடுவே டிவைடர், அந்த டிவைடரில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாக மாடு போகும், டிராக்டர் போகும், கரும்பு லாரி திரும்பும், எதிர்த்திசையில் ஆட்டோ வரும். இரண்டு பக்கமும் பஸ் ஸ்டாப் அந்தத் திறப்புக்கு நேராகவே இருக்கிறது. பஸ்ஸைவிட்டு இறங்கினவர்கள் பஸ்ஸின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, பிறகு காலை நீட்டி, பிறகு ஓடுவார்கள். போதாக்குறைக்குச் சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் திருத்தணி மலை முதன்முதலாகக் கண்ணில் படுவது அந்த வளைவில்தான். எண்பதில் வருகிறவன் ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். பக்தி முற்றினவன் இரண்டு கையையும் எடுப்பான். கோபுரத்தைப் பார்க்கிறவனுக்குப் பத்தடி முன்னால் சாக்குமூட்டையோடு நிற்கும் கிழவி தெரிவாளா? கடைசி நொடியில் பிரேக் அடிப்பான். டயர் தேயும் நாற்றம் வரும். "வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?" என்று கத்துவான். கிழவியும் சளைக்காமல் திட்டுவாள். டீக்கடையில் இருப்பவர்கள் "ஜஸ்ட் மிஸ்ஸுடா" என்று சிரித்துவிட்டுத் திரும்ப டீயை ஊதுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஒருவரும் கேட்டதில்லை. செத்தால் மட்டும் ஸ்டேஷனில் ஒரு எண்ணிக்கை ஏறும்.

அந்த ஜஸ்ட் மிஸ்ஸை எண்ணத்தான் சுதா வந்தாள். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சாலைப் பாதுகாப்பு பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண், முப்பது வயதிருக்கும். ஒரு இடம் ஆபத்தானது என்று தெரிந்துகொள்ள அங்கே பத்துப் பேர் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சாகாமல் தப்பினவர்களை எண்ணினாலே போதும் என்று அவள் விளக்கினாள். பிரேமகுமாரிக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்தது. இத்தனை வருடத்தில் தன்னிடம் வந்த எந்தக் கணக்கிலும் இப்படியொரு நியாயம் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

வேலையைச் சுதா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாள். இரண்டு பேர் மோதப் போய், ஒருவன் பிரேக் அடித்தோ ஒதுங்கியோ பின்வாங்கியோ தப்பினால் அது ஒன்று. அவன் ஒன்றும் செய்யாமல் வந்திருந்தால் எத்தனை நொடியில் மோதியிருக்கும் என்று மனதுக்குள் அளக்க வேண்டும். "ஆயிரத்து ஒன்று" என்று வாய்க்குள் சொன்னால் ஒரு நொடி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மோதியிருக்கும் என்றால் சிவப்புக் கட்டத்தில் கோடு. பிரேமகுமாரி இரண்டே நாளில் அதில் தேறிவிட்டாள். வீட்டில் பால் பொங்கும்போதுகூட ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று உதடு அசைந்தது.

சுதா முன்னோட்டமாக ஒரு மணி நேரம் போனில் படம் பிடித்துப் பார்த்ததில் முப்பத்தேழு வந்தது. அதில் பதினொன்று சிவப்பு. இதே ரோட்டில் இன்னொரு இடத்தையும் பார்த்திருந்தார்கள். இரண்டில் எது மோசமோ அங்கே டிவைடர் திறப்பை மூடி, பஸ் ஸ்டாப்பைத் தள்ளிவைத்து, நடைமேம்பாலம் கட்டித் தருவதாக ஹைவேஸ்காரர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் எண்ண வேண்டும். மூன்று பேர் எண்ணுவார்கள், கேமராவும் இருக்கும்.

பிரேமகுமாரிக்கு அந்த மேம்பாலம் வேண்டும். ஊருக்காக இல்லை. ப்ளெஸ்ஸி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் அவளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் உதிர்த்துவிட்டுப் போய்விடும். வீடு இந்தப் பக்கம். இருட்டுகிற நேரம். தினமும் அந்த நேரத்தில் அம்மாக்காரி அடுப்படியில் நின்றுகொண்டு பிரேக் சத்தத்துக்குக் காது கொடுப்பாள். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் தாளித்துக் கொட்டுவாள்.

எதற்காக எண்ணுகிறோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது, கேட்டால் வண்டி எண்ணுகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள் என்று சுதா மூன்று தடவை சொல்லியிருந்தாள். சரிங்க மேடம் என்று பிரேமகுமாரியும் மூன்று தடவை தலையாட்டினாள்.

அப்புறம் போய் வாயைக் கொடுத்தாள்.

ஆதிகேசவன் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். பதவி போய் ஆறு வருடமானாலும் தலைவர்தான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் அவர் நிலம், திறப்புக்கு எதிரே ஐந்து கடையும் அவருடையது. சென்னையிலிருந்து யாரோ வந்து டேப் வைத்து அளந்தார்கள் என்றதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ரோட்டை அகலப்படுத்தக் கடையை இடிக்கப் போகிறார்களோ என்று பயம். பிரேமகுமாரியை டீக்கடை வாசலில் மடக்கினார். அவர் மட்டும் மிரட்டியிருந்தால் அவள் வாயே திறந்திருக்க மாட்டாள். அவரோ நாற்காலி இழுத்துப் போட்டு, "உங்களுக்குத் தெரியாம இந்த ஊர்ல இன்னா நடந்துரும், சொல்லுங்கக்கா" என்றார். பதினெட்டு வருடத்தில் அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. இடிக்கவெல்லாம் இல்லை தலைவரே, நம்ம ரோடு நல்லா இருக்கிறதா கெட்டுக் கிடக்கிறதா என்று பார்க்கப் பெரிய கல்லூரியிலிருந்து வருகிறார்கள், மூன்று நாள், நான்தான் எழுதப் போகிறேன் என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிட்டாள். தொட்டி கழுவிய ஜனத்தைப் பதினெட்டு வருடம் பார்த்தவள்தான் சொன்னாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியத் தோன்றுகிறது.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு எண்ணப் போனவள் ரோட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் நூல் பிடித்த மாதிரிக் கோடு. டிவைடர் திறப்பில் தடுப்புகள், குறுக்கே கயிறு. கடைகளின் தகரப் பந்தல்களை உள்ளே இழுத்திருந்தார்கள். ஆட்டோக்களை அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மாடுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்த ஊர் மாட்டுக்குக் கழுத்துக் கயிறு என்றால் என்னவென்றே அன்றுவரை தெரியாது. தலைவரின் ஆட்கள் எட்டுப் பேர் வெள்ளைச் சட்டையில் விசிலோடு நின்று, ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் இறங்குகிறவர்களைக் கோழிக்குஞ்சுகளை ஓட்டுவதுபோல் சேர்த்து அழைத்துக் கடத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு முன்னால் தட்டி: 'மெதுவாகச் செல்லவும். அதிகாரிகள் ஆய்வு நடைபெறுகிறது.' லாரிக்காரர்கள் அதை ஆர்.டி.ஓ. செக்கிங் என்று நினைத்துக்கொண்டு, ஹாரன்கூட அடிக்காமல் கல்யாண ஊர்வலம் மாதிரி ஊர்ந்து போனார்கள். பைக்கில் வந்தவர்கள் பெட்ரோல் டேங்க்மேல் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார்கள்.

மூன்று நாளும் இதே கூத்து. பிரேமகுமாரி காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒருவன், ஒரே ஒருவன், தினமும் வருகிற மாதிரி வந்து தொலைய மாட்டானா என்று பார்த்தாள். இப்படி வேண்டிக்கொள்கிறோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இரண்டாம் நாள் மதியம் பேனா சிவப்புக் கட்டத்துக்கு மேலே போய் நின்றது. நேற்றுவரை நடந்ததைத்தானே எழுதப் போகிறோம், இது பொய்யா என்று நினைத்தாள். ஆனால் கை இறங்கவில்லை. மூன்று நாள் முடிவில் அவள் காகிதத்தில் நான்கு கோடு. சிவப்பு ஒன்றுகூட இல்லை. மற்ற இருவரும் அதையே எழுதினார்கள். கேமராவும் அதையே சொன்னது.

சுதா காகிதங்களைப் புரட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். யாருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்ததா, தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள் ஆன்ட்டி, உள்ளூரில் விஷயம் கசிந்துவிட்டது என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் இந்த மூன்று நாளையும் தள்ளிவிட்டு வேறு தேதி கேட்க முடியும், கேமராவில் தெரிகிற தடுப்பும் விசிலும் மட்டும் போதாது, ஸ்ரீதர் சார் அது இல்லாமல் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள். ஸ்ரீதர் அவளுடைய பேராசிரியர்.

ஒரு வரிதான். எழுதினால் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும். இந்த வேலை போகும், இனி எந்த வேலைக்கும் பெயரைச் சேர்க்க மாட்டார்கள், பிரேமகுமாரியா, அந்த ஓட்டைவாயா என்பார்கள். "இல்லீங்க மேடம். யாருக்கும் தெரியாது" என்றாள். பொய்க் கணக்கு எழுதாதவள், நல்ல கணக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பொய்யை வாயால் சொன்னாள். சுதா காகிதங்களை உறையில் போட்டு மூடினாள்.

மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது. மற்ற இடத்தில் இருநூறுக்கு மேல். மேம்பாலம் அங்கே. பனந்தோப்புக் கூட்டுரோடு 'குறைந்த ஆபத்து' வரிசையில் போய்விட்டது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? பாஸ் ஆகிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டது. ஆதிகேசவன் லட்டு கொடுத்தார். கடை தப்பியதற்கான லட்டு அது, ஆனால் ஊர் மானத்தைக் காப்பாற்றியதாகப் பேச்சு. தடுப்புகள் நான்காம் நாளே போய்விட்டிருந்தன, மாடுகள் திரும்ப ரோட்டுக்கு வந்துவிட்டன. அதையெல்லாம் யாரும் பேசவில்லை. இருபதடி நீளத்துக்கு ஒரு பேனர் அடித்து, சவுக்குக் கட்டை நட்டு, டிவைடர் திறப்பின் ஓரத்திலேயே கட்டினார்கள். 'விபத்தில்லாக் கூட்டுரோடு! ஆய்வில் வென்ற எங்கள் ஊர்!' நடுவில் ஆள் உயரத்துக்கு ஆதிகேசவன் கும்பிட்டபடி நின்றார். கீழே வரிசையாக முப்பது தலைகள், கடைசி மூலையில் பிரேமகுமாரி. போலியோ அடையாள அட்டைக்கு எடுத்த பழைய போட்டோவை எங்கிருந்தோ தேடிப் பிடித்திருந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேனர் மறைத்தது திருத்தணிப் பக்கமிருந்து வரும் வண்டிகளை. திறப்பில் வந்து நிற்கிறவனுக்கு வருவது லாரியா பைக்கா, எவ்வளவு தூரத்தில் என்று ஒன்றும் தெரியாது. பேனரைத் தாண்டிக் காலை வைத்தால்தான் தெரியும். பிரேமகுமாரி ஆதிகேசவனிடம் போய்ச் சொன்னாள். பொங்கல்வரை இருக்கட்டும் என்றார். ஸ்டேஷனில் சொன்னாள். தலைவரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறரைக்கே அடுப்பை அணைத்துவிட்டு ரோட்டோரம் போய் நின்றாள்.

அப்படி நின்ற ஐந்தாம் நாள். கம்பெனி பஸ் அந்தப் பக்கம் நின்று நகர்ந்தது. யாரோ ஒரு பெண் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திறப்புக்கு வந்து, பேனர் ஓரமாகக் காலை எடுத்து வைத்தாள். திருத்தணிப் பக்கமிருந்து ஒரு வேன். பிரேமகுமாரியின் வாய் தானாகவே ஆயிரத்து ஒன்று என்று ஆரம்பித்து, 'ஆயிர'த்திலேயே நின்றுவிட்டது. வேன் ஒடித்துக்கொண்டு ஓர மண்ணில் இறங்கியது. அந்தப் பெண் பின்வாங்கிப் பேனர்மேலேயே சாய்ந்தாள். சிவப்பு, என்று மனதுக்குள் கோடு போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் அது ப்ளெஸ்ஸி என்று அவளுக்குத் தெரிந்தது.

வேன்காரன் திட்டிவிட்டுப் போனான். ப்ளெஸ்ஸி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே வந்து, "ஒண்ணும் ஆவலம்மா, ஜஸ்ட் மிஸ்ஸு" என்று சிரிக்கப் பார்த்தாள். பிரேமகுமாரி அவளைப் பூக்கடைப் பலகையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பெற்ற பிள்ளையைக் கோடாக எண்ணிய மனதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று சுதாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், அன்னிக்கு நான் பொய் சொன்னேன். ஊருக்கு முன்னாடியே தெரியும். நான்தான் சொன்னேன். இப்ப எழுதித் தரேன், கையெழுத்து போடறேன்."

சுதா கோபப்படாமல், மெதுவாகத்தான் சொன்னாள். "அறிக்கை அனுப்பிட்டோம் ஆன்ட்டி. அங்க பள்ளம் தோண்ட ஆரம்பிச்சிட்டாங்க."

பிரேமகுமாரி போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பூக்காரி வாழைநார் கிழிக்கும் கத்தியை எடுத்தாள். நேரே டிவைடருக்குப் போனாள். அவள் நெஞ்சு உயரத்தில் கத்தியைக் குத்தி, பேனரின் கீழ்ப்பாதியைக் குறுக்கே அறுக்கத் தொடங்கினாள். முப்பது தலைகளும் ஒவ்வொன்றாகத் தொங்கின. டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை, கையில் கத்தி இருந்தது. ஆதிகேசவன் மட்டும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்து, பேனருக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே நின்றார். அவர் கத்தவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"இன்னாக்கா இது? நீங்கதான நாலுன்னு எழுதிக் குடுத்தீங்க."

அவள் கை நின்றது. தப்பாக எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். சரியாக எழுதிவிட்டு என்ன கேட்பது? சுற்றி நின்ற அத்தனை முகத்தையும் பார்த்தாள். எல்லோரும் தொட்டியைக் கழுவிவிட்டு நின்றவர்கள். அவர்களைக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. தன்னையும் சேர்த்துத்தான்.

"ஆங், நான்தான் எழுதனேன்" என்றாள். "அதான் நானே அறுக்கறேன்."

கடைசி முழம் அறுந்து கீழ்ப்பாதி காலடியில் விழுந்தது. அந்த இடைவெளி வழியாகத் திருத்தணி ரோடு தெரிந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"தலைவரே, உள்ள வாங்க. உங்க முதுகுக்குப் பின்னால லாரி வந்துகினு இருக்கு."